ஊறல் பானையில் இல்லாத நஞ்சு

அக்டோபர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை. இங்கிலாந்தில் வேலை பார்க்கும் அண்ணன் மகள் வீடியோ காலில் வந்தாள். அவளுடைய சமையலறை மேடை முழுக்க ஆப்பிள். பக்கத்து வீட்டுப் பாட்டி தன் தோட்டத்து மரத்தில் காய்த்ததை ஒரு கூடை கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். சின்னச் சின்னப் பழங்கள். அப்படியே கடித்துத் தின்ன முடியாத புளிப்பு. இதில் ஒயின் போடும் முறையையும் பாட்டியே சொல்லிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

“சாறு பிழிஞ்சு ஜாடியில ஊத்தி வச்சுட்டேன் சித்தப்பா. நேத்திலேர்ந்து நுரைக்குது. இப்பப் பாத்தா பயமா இருக்கு. நம்ம ஊர்ல நடந்த மாதிரி ஏதாச்சும் ஆயிடுமா?”

நம்ம ஊர் என்றால் கள்ளக்குறிச்சி. பன்னிரண்டாம் வகுப்பு வரை அங்கேதான் படித்தாள்.

அவள் பயத்தைச் சிரித்துத் தள்ள எனக்கு மனம் வரவில்லை. 2024 ஜூன் 18, 19 தேதிகளில் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்திலும் சுற்றுப்பகுதியிலும் பாக்கெட் சாராயம் குடித்தவர்கள் வயிற்று வலி, வாந்தி, பார்வை மங்கல் என்று அரசு மருத்துவமனையில் வந்து விழுந்தார்கள். சேலத்துக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் புதுச்சேரி ஜிப்மருக்கும் ஆம்புலன்ஸ்கள் ஓடின. 65-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஒரே தெருவில் அடுத்தடுத்த வீடுகளில் பந்தல் போட்டிருந்த படங்களைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

அதற்குப் பிறகு டீக்கடையிலும் கல்யாண வீட்டிலும் நான் திரும்பத் திரும்பக் கேட்ட விளக்கம் ஒன்று உண்டு: “ஊறல் போடும்போது எதையோ தப்பாப் போட்டுட்டானுங்க, அது விஷமா மாறிடுச்சு.” வேதியியலில் பட்டம் வாங்கியவர் ஒருவரே என்னிடம் இப்படிச் சொன்னார். சரக்கு புளிக்கும்போது கைப்பக்குவம் தவறினால் கண் போகும், உயிர் போகும் என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக இறங்கியிருக்கிறது. அந்த நம்பிக்கை தவறு. எப்படித் தவறு என்பதை அவள் ஜாடியை வைத்தே பார்த்துவிடலாம்.

ஆப்பிள் சாற்றில் லிட்டருக்குச் சுமார் 110 கிராம் சர்க்கரை இருக்கிறது. ஒயினுக்கான திராட்சைச் சாற்றில் ஏறக்குறைய இதன் இரு மடங்கு. பழத்தோலில் ஒட்டியிருப்பதோ, நாம் பாக்கெட்டிலிருந்து தூவுவதோ, ஈஸ்ட் என்ற ஒற்றைச் செல் உயிர் அந்தச் சர்க்கரையைத் தின்று எத்தனாலையும் கரியமில வாயுவையும் வெளியேற்றுகிறது. கணக்கு கறாரானது. 180 கிராம் குளுக்கோஸிலிருந்து 92 கிராம் எத்தனால், 88 கிராம் வாயு. பிரெஞ்சு வேதியியலாளர் கே-லுசாக் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இந்தச் சமன்பாட்டை எழுதிவிட்டார். இதைச் செய்வது உயிருள்ள ஈஸ்ட்தான் என்று அதே நூற்றாண்டின் நடுவில் நிறுவியவர் லூயி பாஸ்டர். 1897-இல் எடுவார்ட் புக்னர் ஈஸ்ட்டை மணலோடு சேர்த்து அரைத்து, உயிரில்லாத அந்தச் சாறும் சர்க்கரையை நொதிக்க வைப்பதைக் காட்டினார். செல்லுக்குள் இருக்கும் நொதிகளே வேலைக்காரர்கள் என்று தெரிந்தது. அவருக்கு 1907-இல் நோபல் பரிசு.

நடைமுறையில் லிட்டருக்கு 17 கிராம் சர்க்கரை இருந்தால் ஒரு சதவீத ஆல்கஹால் கிடைக்கும். வெறும் ஆப்பிள் சாறு ஆறரை சதவீதத்தில் நின்றுவிடும். அதற்கு சைடர் என்று பெயர். ஒயின் அளவுக்கு, அதாவது 11 சதவீதத்துக்குக் கொண்டுபோக லிட்டருக்கு 75 கிராம் சர்க்கரை கூடுதலாகப் போட வேண்டும். ஆப்பிள் ஒயின் போடும் பாட்டிகள் எல்லாரும் சர்க்கரை டப்பாவைத் திறப்பது இதற்காகத்தான்.

ஜாடியில் என்னென்ன கெடலாம்? முதலில், மூடியை இறுக்கி வைத்தால் வாயு போக வழியில்லாமல் பாட்டில் வெடிக்கும். மூடாமல் விட்டால் காற்றிலுள்ள ஆக்சிஜனை வைத்துக்கொண்டு அசிட்டோபாக்டர் என்ற பாக்டீரியா எத்தனாலை அசிட்டிக் அமிலமாக்கிவிடும். உடம்பு இளைக்கக் காலையில் வெறும் வயிற்றில் குடிக்கிறார்களே, ஆப்பிள் சைடர் வினிகர், அது இப்படிப் புளித்துப்போன ஆப்பிள் ஒயின்தான். ஒயினாக இருந்தபோது யோசித்தவர்கள் வினிகரானதும் விலை கொடுத்து வாங்குகிறார்கள். வெயிலும் ஒரு பகை. ஈஸ்ட்டுக்கு 15 முதல் 25 டிகிரி வரை சுகம். சித்திரை மாதத்துக் கள்ளக்குறிச்சியில் ஜாடியை வைத்தால் ஈஸ்ட் திணறி, நாற்றமடிக்கும் பொருள்களைக் கக்கும். பூசணம் பிடித்து அழுகிய பழத்தில் பேட்டுலின் என்ற பூஞ்சை நஞ்சு இருக்கும்; அந்தப் பழங்களைத் தூக்கி எறிய வேண்டும். மற்றபடி அந்தப் புளிப்பிலும் ஆல்கஹாலிலும் நோய்க் கிருமிகள் பிழைப்பது அரிது. கெட்ட ஒயின் நாக்கைத் தண்டிக்கும், வயிற்றையும் கொஞ்சம் கலக்கும். கண்ணைப் பறிக்காது.

கண்ணைப் பறிப்பது மெத்தனால். அது ஆப்பிள் ஒயினில் அறவே இல்லையா என்று கேட்டால், இருக்கிறது. இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். வதந்திக்கு ஒரு துளி உண்மை தேவைப்படும், அந்தத் துளி இங்கேதான் கிடைக்கிறது.

ஆப்பிளில் பெக்டின் மிகுதி. பழ ஜாம் கெட்டியாக நிற்பது பெக்டினால். பழத்தின் செல் சுவர்களைச் சாந்துபோல ஒட்டிவைக்கும் இந்தச் சங்கிலி மூலக்கூறில் ஆங்காங்கே மெத்தில் குழுக்கள் தொங்கிக்கொண்டிருக்கும். பழத்திலேயே இருக்கும் ஒரு நொதி அவற்றை வெட்டி விடும்போது மெத்தனால் பிறக்கிறது. ஆக, ஒயினிலுள்ள மெத்தனாலுக்குப் பொறுப்பு ஈஸ்ட் அல்ல, சர்க்கரையும் அல்ல. பழத்தின் சதையும் தோலுமே காரணம். நொதிக்காத பழச்சாற்றிலும் அது இருக்கிறது. முழு ஆப்பிளைத் தின்றாலும் குடலில் பெக்டின் சிதையும்போது துளியளவு மெத்தனால் உண்டாகத்தான் செய்கிறது.

எவ்வளவு என்பதே கேள்வி. பன்னாட்டுத் திராட்சை, ஒயின் அமைப்பு லிட்டருக்கு 400 மில்லிகிராம் வரை சிவப்பு ஒயினிலும், 250 மில்லிகிராம் வரை வெள்ளை ஒயினிலும் மெத்தனாலை அனுமதிக்கிறது. மனிதரின் பார்வையைப் பாதிக்க 10 மில்லிலிட்டர், அதாவது சுமார் 8 கிராம் மெத்தனால் போதும் என்பது மருத்துவ நூல்கள் தரும் குறைந்தபட்சக் கணக்கு. 400 மில்லிகிராம் உச்ச வரம்பிலேயே இருக்கும் ஒயின் என்று வைத்துக்கொண்டாலும், ஒரே மூச்சில் 20 லிட்டர் குடித்தால்தான் அந்த 8 கிராம் உள்ளே போகும். அதற்கு வெகு முன்பே அதிலிருக்கும் எத்தனால் ஆளைக் கொன்றிருக்கும். பயப்பட வேண்டுமானால் எத்தனாலுக்குப் பயப்படலாம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை மதுபானங்களை முதல் பிரிவுப் புற்றுநோய்க் காரணிகளில்தான் வைத்திருக்கிறது.

இனி ஜாடியை விட்டுவிட்டு மலைக்குப் போவோம்.

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே எழும் கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டு. கோமுகி ஆறு அங்கிருந்து இறங்குகிறது. ஒரு பக்கம் கள்ளக்குறிச்சி மாவட்டத்து வெள்ளிமலை, மறுபக்கம் சேலம் மாவட்டத்துக் கருமந்துறை. மலையாளிப் பழங்குடியினர் வாழும் இந்த மலையூர்கள் 1976 வரை ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்தன. நாடு விடுதலையடைந்து கால் நூற்றாண்டுக்கு மேலாகியும் அங்கே ஜாகீர் நடந்தது! மரவள்ளியும் சாமையும் கடுக்காயும் விளையும் இந்த ஊர்களைப் பற்றி வெளியூர்க்காரருக்குத் தெரிந்ததெல்லாம் நாளிதழில் வரும் ஒற்றை வரிச் செய்திதான்: ‘கல்வராயன் மலையில் இத்தனை லிட்டர் சாராய ஊறல் அழிப்பு.’

அந்த ஊறலில் என்ன இருக்கிறது? வெல்லம், தண்ணீர், வெள்வேலம் பட்டை, கடுக்காய். பழத்துக்குப் பதில் வெல்லம் வந்திருக்கிறது. ஈஸ்ட்டுக்கு அந்த வித்தியாசம் பெரிதில்லை. பட்டைக்கும் கடுக்காய்க்கும் அங்கே வேலை உண்டு. இரண்டிலும் டானின் எனப்படும் துவர்ப்புப் பொருள் ஏராளம். உலர்ந்த கடுக்காயின் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை டானின்தான். தோல் பதனிடுபவர்கள் அதைத் தேடி வாங்கியது அதனால். டானின் புரதக் கசடைப் படிய வைக்கும், பாக்டீரியாவை அடக்கும், ஈஸ்ட்டுக்கு மட்டும் வழிவிடும். வெள்வேல மரத்துக்குச் சாராயப் பட்டை மரம் என்றே ஒரு பெயர் இருப்பதைப் பார்த்தால், பெயர் வைத்தவர்கள் ஆய்வகம் இல்லாமலே இந்த வேதியியலைக் கண்டு வைத்திருந்தார்கள் என்று படுகிறது.

இப்போது பெக்டின் கணக்கை இங்கே போட்டுப் பாருங்கள். கரும்புச் சாறு காய்ச்சி எடுத்த வெல்லத்தில் சொல்லிக்கொள்ளும்படி பெக்டின் கிடையாது. பெக்டின் இல்லாவிட்டால் மெத்தனாலும் இல்லை. என் அண்ணன் மகளின் ஆப்பிள் ஜாடியில் பிறக்கும் மெத்தனால்கூட வெல்ல ஊறலில் பிறக்காது. அந்த ஊறலை எத்தனை நாள் புளிக்க வைத்தாலும், எப்படித் தப்பாகக் காய்ச்சினாலும், ஒரு தெருவையே சாய்க்கும் அளவு மெத்தனால் அதிலிருந்து வர முடியாது. இல்லாததை வடித்தெடுக்க எந்தக் கைப்பக்குவத்தாலும் ஆகாது.

மலைச் சாராயத்துக்கு நான் நற்சான்று கொடுக்கவில்லை. துருப்பிடித்த பேரல், பழைய லாரி டியூப், போதை ஏற்றக் கலக்கும் கண்ட கண்ட பொருள்கள் என்று அதில் கேடுகள் பல உண்டு. குடித்துக் குடித்துக் கல்லீரல் வெந்து செத்தவர்களை அந்தப் பக்கத்து ஊர்கள் அனைத்தும் அறியும். ஆனால் கருணாபுரத்துச் சாராயத்தில் மெத்தனால் இருந்தது என்று ஆய்வகம் சொன்ன பிறகும் ‘கல்வராயன் மலைச் சாராயம்’ என்று ஒரு மலையின் மேல் பழியைப் போட்டுப் பேசியது அறிவியலுக்கும் பொருந்தவில்லை, நியாயத்துக்கும் பொருந்தவில்லை.

அப்படியானால் மெத்தனால் எங்கிருந்து வருகிறது? 1661-இல் ராபர்ட் பாயில் மரக்கட்டையைக் காற்றில்லாமல் சூடாக்கி வடித்தபோது கிடைத்த திரவங்களில் அதைப் பிரித்தறிந்தார். நெடுங்காலம் அதற்கு மரச்சாராயம் என்றே பெயர். இன்று இயற்கை எரிவாயுவிலிருந்தோ நிலக்கரியிலிருந்தோ ஆலைகளில் டன் கணக்கில் செய்கிறார்கள். ஒட்டுப்பலகைப் பசை, பெயின்ட் தின்னர், மருந்து ஆலைகளின் கரைப்பான் என்று அது இல்லாத தொழில் குறைவு. நிறமில்லை, மணமும் எத்தனாலைப் போலவே, குடித்தால் முதலில் போதை மாதிரியே இருக்கும். குடிக்கும் ஆல்கஹாலுக்கு இருக்கும் வரிச்சுமை இதற்கு இல்லாததால் விலை மலிவு. ஊறல் போட்டு, நாள் கணக்கில் காத்திருந்து, விறகு எரித்து, காவலர் கண்ணில் படாமல் காய்ச்சுவதை விட, ஒரு கேன் வாங்கித் தண்ணீர் ஊற்றி பாக்கெட் கட்டுவது விற்பவனுக்குச் சுலபம். ஊறலே இல்லாத சாராயம் அது. 2023 மே மாதம் மரக்காணம் பக்கத்து எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, அது காய்ச்சிய சாராயமே அல்ல, ஆலைகளுக்கான மெத்தனால் என்று காவல்துறையே சொன்னது. அடுத்த ஆண்டுக்குள் நாம் அதை மறந்துவிட்டோம்.

மெத்தனால் நேராகக் கொல்வதில்லை. கல்லீரலில் ஆல்கஹாலைச் சிதைக்கும் நொதி அதை ஃபார்மால்டிஹைடாக மாற்றும். அது ஃபார்மிக் அமிலமாகும். எறும்புக் கடியில் எரிகிற அதே அமிலம்தான். அது செல்களுக்குள் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் கடைசிக் கட்டத்தை அடைத்துவிடுகிறது. மூச்சு ஓடும், ரத்தம் ஓடும், ஆனால் செல் மூச்சுத் திணறும். மிகுதியாக ஆக்சிஜன் கேட்கும் பார்வை நரம்பு முதலில் விழுகிறது. இத்தனையும் நடக்க 12 முதல் 24 மணி நேரம் ஆகலாம்.

அந்த இடைவெளிதான் கொடுமை. கூடவே எத்தனாலும் உள்ளே போயிருந்தால் இடைவெளி இன்னும் நீளும். அந்த நொதிக்கு மெத்தனாலை விட எத்தனாலின் மேல் பல மடங்கு பிடிப்பு. எத்தனால் இருக்கும் வரை மெத்தனாலைத் தொடாது. குடித்தவர் வீட்டுக்குப் போய்த் தூங்கி எழுந்து, தலைவலி என்று மறுபடி கொஞ்சம் குடித்து, சாயங்காலம் வரை நடமாடுவார். அதனால் ஒருவர் இறந்ததற்கும் அவர் குடித்த சரக்குக்கும் உள்ள தொடர்பு உடனே பிடிபடுவதில்லை. கருணாபுரத்தில் இறந்தவர் வீட்டுச் சாவுக்கு வந்தவர்களும் அதே சரக்கைக் குடித்ததாகச் செய்திகள் வந்தன.

எத்தனாலின் அந்தப் பிடிப்பையே மருத்துவர்கள் சிகிச்சைக்கும் பயன்படுத்துகிறார்கள். அளந்து கொடுக்கும் எத்தனால் அல்லது ஃபோமிபிசோல் என்ற மருந்து நொதியை மறித்து வைக்கும். அதற்குள் சோடியம் பைகார்பனேட் அமிலத்தைத் தணிக்கும், டயாலிசிஸ் எந்திரம் மெத்தனாலை ரத்தத்திலிருந்து வடித்துவிடும். ரத்தத்தைப் பரிசோதித்தபடி மருத்துவமனையில் செய்யும் வேலை இது. ‘இன்னொரு குவார்ட்டர் ஊற்றினால் சரியாகிவிடும்’ என்று வீட்டில் யாரும் செய்து பார்க்கக் கூடாது.

இன்னொரு மூடநம்பிக்கையையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். பற்ற வைத்துப் பார்த்து நீலமாக எரிந்தால் நல்ல சரக்கு என்பார்கள். மெத்தனாலும் வெளிர்நீலமாகத்தான் எரியும். பகலில் அந்தச் சுடர் கண்ணுக்கே தெரியாது. காய்ச்சும்போது முதலில் சொட்டுவதைக் கொட்டிவிட்டால் மெத்தனால் போய்விடும் என்பதும் சரியல்ல. மெத்தனாலின் கொதிநிலை 64.7 டிகிரி, எத்தனாலுக்கு 78.4 என்ற கணக்கை வைத்துச் சொல்கிறார்கள். தண்ணீரோடு மூன்றும் கலந்திருக்கும்போது அவை வரிசையில் நின்று வெளியேறுவதில்லை. மெத்தனால் கடைசிச் சொட்டு வரை கூடவே வரும். கண்ணாலோ மூக்காலோ நெருப்பாலோ கண்டுபிடிக்க வழியே இல்லை. ஆய்வகம் ஒன்றே வழி.

ஆப்பிளுக்கே இப்படி ஒரு பழி விழுந்த கதை உண்டு. 18-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் டெவன் பகுதியில் சைடர் குடிப்பவர்களுக்குத் தாங்க முடியாத வயிற்று வலியும் கைகால் விழுதலும் வந்தன. ஆப்பிளின் புளிப்பே காரணம் என்று நம்பினார்கள். ஜார்ஜ் பேக்கர் என்ற மருத்துவர் டெவன் சைடரை வேதியியல் முறையில் சோதித்து, அதில் ஈயம் இருப்பதை 1767-இல் அறிவித்தார். பழம் பிழியும் செக்குகளில் அங்கே ஈயம் பயன்படுத்தியிருந்தார்கள்; சாற்றின் அமிலம் அதைக் கரைத்துக் குடிப்பவர் வயிற்றுக்குக் கொண்டுபோயிருந்தது. டெவன்காரர்கள் பேக்கர் மேல் கோபப்பட்டார்கள். பிறகு ஈயத்தை எடுத்தார்கள். நோயும் போனது. பழி கடைசி வரை ஆப்பிளின் மேலேயே இருந்திருந்தால் செக்கை யார் மாற்றியிருப்பார்கள்?

அதனால்தான் ‘தப்பாகக் காய்ச்சிய சாராயம்’ என்ற பேச்சு எனக்கு உறுத்துகிறது. சட்டத்துக்கு இங்கே குறைவில்லை. இந்தியாவிலேயே முதன்முதலாக 1937 அக்டோபர் 1-இல் மதுவிலக்கு வந்தது அன்றைய சேலம் மாவட்டத்தில். அந்தச் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது; கருணாபுரத்துக்குப் பிறகு திருத்தி ஆயுள் தண்டனை வரை கொண்டுபோயிருக்கிறார்கள். வழக்கை 2024 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சி.பி.ஐ.யிடம் கொடுத்தது. இவையெல்லாம் சரி. ஆனால் ஒவ்வொரு சாவுக்குப் பிறகும் மலையேறி ஊறலைக் கொட்டிக் கவிழ்த்த படத்தைக் காட்டுவதால் மெத்தனால் ஒரு துளியும் குறையாது. மெத்தனாலை வைத்திருக்கவும் விற்கவும் உரிமம் வேண்டும் என்று தமிழ்நாட்டில் விதிகள் இருக்கின்றன. எந்த ஆலைக்கு எத்தனை பேரல் வந்தது, எத்தனை செலவானது, மிச்சம் எங்கே என்ற கணக்கைப் பார்ப்பதில்தான் உயிர்கள் இருக்கின்றன. ஊறலைத் தேடி மலையேறும் கால்களில் பாதியாவது அந்தக் கிடங்குகளுக்குப் போகட்டும்.

அண்ணன் மகளுக்கு நான் சொன்னது சுருக்கம். அழுகின பழம் போட்டிருந்தால் கொட்டிவிடு. வாயு போக வழி வை. காற்று புகாமல் பார். காய்ச்சி வடிக்கிற எண்ணம் வேண்டாம், அந்த நாட்டில் அதற்கு உரிமம் வேண்டும். தன் வீட்டுக்கென்று ஒயின் போட அங்கே தடையில்லை. இங்கே இருக்கும் வாசகர்கள் அவளைப் பார்த்து ஜாடியை எடுக்க வேண்டாம். உரிமமில்லாமல் வீட்டில் ஒயின் போடுவது தமிழ்நாட்டில் குற்றம்.

இங்கே இருப்பவர்களிடம் கேட்டுக்கொள்வது வேறு. உங்கள் தெருவில் சாராயம் குடித்த யாருக்காவது வயிற்று வலியோடு பார்வை மங்கினாலும், கண்முன் பனி படர்ந்த மாதிரி இருக்கிறது என்று சொன்னாலும், போதை தெளியட்டும் என்று படுக்க வைக்காதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள். என்ன குடித்தார், எப்போது குடித்தார் என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். கூடக் குடித்தவர்கள் நன்றாக நடமாடிக்கொண்டிருந்தாலும் அவர்களையும் அதே வண்டியில் ஏற்றுங்கள்.